கேமிங் என்று எழுதியிருந்தால் போதுமா?

சென்ற பொங்கல் விடுமுறையில் ஆம்பூர் போயிருந்தேன். என் சித்தி மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தீபாவளிக்குத்தான் அவர்கள் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. நான் போய் உட்கார்ந்து காபி குடிப்பதற்குள் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினான். அடுத்து வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல். கேமிங் கீபோர்டும் மவுஸும் சேர்ந்த செட் 3,200 ரூபாய். கேமிங் ஹெட்செட் 2,800 ரூபாய். கேமிங் சேர் 11,500 ரூபாய். ஆகமொத்தம் 17,500 ரூபாய்.

"அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா வாங்கித் தந்துடுவாங்க."

சித்தி ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். 17,500 என்பது அவருடைய ஏறக்குறைய ஒன்றரை மாதச் சம்பளம். பட்டியலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. செல்போனை வாங்கி நாற்காலியின் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். கீழே 'பிரீமியம் லெதர் ஃபினிஷ்' என்று போட்டிருந்தது.

"இன்னாபா இது, ஃபினிஷ்னு போட்டிருக்கான்? அப்ப உள்ள இருக்கறது லெதர் இல்ல. ரெக்சின். ரெக்சினுக்கா இவ்ளோ காசு?"

பி.இ. படித்துவிட்டு ஆறு வருடமாக சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் நான் கவனிக்காத ஒரு சொல்லை, பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட சித்தி அரை நிமிடத்தில் பிடித்துவிட்டார். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கேமிங் ஆக்சசரீஸ் என்பவை தனி வகைச் சாதனங்கள் அல்ல. விளையாட்டுக்கு ஏற்றவை என்று சொல்லி விற்கப்படும் கீபோர்டு, மவுஸ், மவுஸ் பேட், ஹெட்செட், ஜாய்ஸ்டிக், நாற்காலி போன்றவைதான். யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் விண்டோஸ் இவற்றை மற்ற கீபோர்டு, மவுஸ் போலத்தான் எடுத்துக்கொள்ளும். கேமிங் என்று எழுதிவிற்க எந்தத் தரச் சான்றிதழும் தேவையில்லை. கருப்புப் பிளாஸ்டிக்கில் நாலு கலர் விளக்கைப் பொருத்தி அந்தச் சொல்லை அச்சடித்தால் போதும், கேமிங் ஆகிவிடும்.

எங்கள் பக்கத்தில் தோல் வாங்குபவர் ஒருவரைப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என எந்த ஊராக இருந்தாலும் சரி. (2019ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். தோல் வாங்கும் முறையைப் பிரிக்கவில்லை.) மேல்பக்கத்தின் பளபளப்பைப் பார்த்து அவர் பணம் கொடுக்க மாட்டார். திருப்பிப் போட்டு சதைப் பக்கத்தைப் பார்ப்பார். மடித்துப் பார்ப்பார். விரலால் நெருடிப் பார்ப்பார். அதே மனிதர் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தால் பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு பர்ஸைத் திறக்கிறார். ஏன்? திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். கேமிங் என்ற சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்விட்ச், சென்சார், சர்க்யூட் இவற்றுக்குக் கொடுங்கள். அவை என்னவென்று பெட்டியில் எழுதாத கம்பெனியிடம் கேளுங்கள்.

பில் போடும் கீபோர்டு

இதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கரகரவென்று சத்தம் போட்டு பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் பல அவர்களுடையவை. அந்தப் பிரிண்டருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 'டிவிஎஸ் கோல்டு' என்ற கீபோர்டு இருக்கும். கனமானது. அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. விளக்கு இல்லை. தட்டினால் 'டக் டக்' என்று அடுத்த அறைக்குக் கேட்கும். 2010ல் ரூபாய்க்குப் புதுக் குறியீடு வந்ததும் அந்தக் குறியீட்டையும் சேர்த்து 'கோல்டு பாரத்' என்ற பெயரில் விற்றார்கள்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் உள்ளே இருந்த ஸ்விட்ச். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி செய்யும் 'எம்எக்ஸ் ப்ளூ' என்னும் ஸ்விட்ச் அது. சாதாரண கீபோர்டில் எல்லா விசைகளுக்கும் அடியில் பிளாஸ்டிக் தாள்களும் ஒரு ரப்பர் தகடும்தான் இருக்கும். இதை மெம்பிரேன் கீபோர்டு என்கிறோம். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஸ்பிரிங்குடன் தனி ஸ்விட்ச் உண்டு. எம்எக்ஸ் ப்ளூ ஸ்விட்சை 5 கோடி முறை அழுத்தலாம் என்று செர்ரி சொல்கிறது. முழுதாக அழுத்தினால் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் 2.2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை. நாள் முழுக்க பில் போடுபவரின் விரலுக்கு அது எவ்வளவு சுகம் என்று அவரைக் கேட்டால் தெரியும்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். 2010ல் ரேசர் என்ற கம்பெனி 'பிளாக்விடோ' என்ற கேமிங் கீபோர்டை வெளியிட்டது. உலகம் முழுவதும் விளையாட்டுப் பிரியர்கள் கொண்டாடிய கீபோர்டு அது. அதன் விசைகளுக்கு அடியில் இருந்ததும் இதே செர்ரி எம்எக்ஸ் ப்ளூதான்! (2014ல்தான் ரேசர் தன் சொந்தப் பெயரில் ஸ்விட்ச் போடத் தொடங்கியது.) இதைக் கண்டுபிடித்த இந்திய விளையாட்டுப் பிரியர்கள் பலர், வெளிநாட்டு மெக்கானிக்கல் கீபோர்டு விலையில் ஒரு பகுதிக்கே கிடைத்த கோல்டு கீபோர்டை பில்லிங் சாமான் விற்கும் கடைகளில் தேடிப்போய் வாங்கினார்கள். கடைக்காரர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மீசைகூட முளைக்காத பையனுக்கு பில் போடும் கீபோர்டு எதற்கு?

டிவிஎஸ் தன் பெட்டியில் கேமிங் என்று எழுதவில்லை. ஆனால் விளையாடுபவர்கள் திருப்பிப் பார்த்தார்கள், வாங்கினார்கள்.

இதைச் சொல்லிவிட்டதால் எல்லோரும் கோல்டு வாங்குங்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். அது விளையாட்டுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. இரவு 11 மணிக்கு ஒரே அறையில் குடும்பமே தூங்கும் வீட்டில் அதைத் தட்டினால் கீபோர்டு தெருவுக்குப் போகும். கூடவே நீங்களும். எந்த மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினாலும் ஸ்விட்சின் பெயரைக் கேளுங்கள். ப்ளூ என்றால் சத்தம் போடும். பிரவுன் என்றால் விரலுக்கு லேசான தடை தெரியும், சத்தம் குறைவு. ரெட் என்றால் தடையே இல்லாமல் இறங்கும். இந்த நிறப் பெயர்கள் செர்ரியில் தொடங்கியவை. இன்று கெய்ல், அவுடெமு, கேட்டரான் போன்ற சீனக் கம்பெனிகளும் ஏறக்குறைய இதே நிறக் கணக்கில் விலை குறைவாக ஸ்விட்ச் செய்கின்றன. அவையும் மோசமில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பெட்டியில் 'மெக்கானிக்கல்' என்று இருப்பது வேறு, 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று இருப்பது வேறு. ஃபீல் என்று வந்துவிட்டால் உள்ளே ரப்பர் தகடுதான் இருக்கும். சித்தி சொன்ன ஃபினிஷ் கதைதான் இங்கேயும்.

பையனின் பட்டியலில் இருந்த 3,200 ரூபாய் செட்டின் விவரத்தைத் தேடிப் பார்த்தேன். 'மெக்கானிக்கல் ஃபீல்' என்றுதான் இருந்தது.

டிபிஐ என்னும் எண்

மவுஸ் பெட்டிகளில் டிபிஐ என்று ஓர் எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். 3200, 6400, 12800 என்று ஏறிக்கொண்டே போகும். 1999ல் பூம்ஸ்லாங் என்ற மவுஸ் 2000 டிபிஐ என்று சொல்லி வந்தபோது ஆச்சரியப்பட்டார்கள். ரேசர் என்ற பெயரே அந்த மவுஸோடு வந்ததுதான். இன்று அந்த எண்ணை மலிவான கேமிங் மவுஸ்கூடத் தாண்டிவிட்டது.

டிபிஐ என்றால் மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தும்போது அது எத்தனை புள்ளிகளாக எண்ணுகிறது என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மானிட்டர் 1920 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 800 டிபிஐ மவுஸை 2.4 அங்குலம் நகர்த்தினால் கர்சர் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்விடும். 12800 டிபிஐ என்றால்? 0.15 அங்குலம். அதாவது நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. தும்மினால் கர்சர் காணாமல் போகும்! விளையாட்டில் குறி பார்த்துச் சுடுபவர்களில் பெரும்பாலோர் மவுஸை 400, 800, 1600 என்ற அளவில்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

விலை மலிவான மவுஸ்கள் சிலவற்றில் இந்த எண்ணே உண்மையில்லை. சென்சார் உண்மையில் எண்ணுவது குறைவாக இருக்கும். நடுவில் உள்ள புள்ளிகளை உள்ளே இருக்கும் புரோகிராம் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். அதனால் துல்லியம் கூடாது. எனவே டிபிஐயைக் கேட்காதீர்கள், சென்சாரின் பெயரைக் கேளுங்கள். தைவானின் பிக்ஸ்ஆர்ட் கம்பெனிதான் உலகின் கேமிங் மவுஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு சென்சார் தருகிறது. நல்ல சென்சார் போட்டவர் அதன் மாடல் எண்ணைப் பெருமையாக எழுதியிருப்பார். எழுதாதவரிடம் கேட்டுப் பாருங்கள்.

'போலிங் ரேட் 1000 ஹெர்ட்ஸ்' என்பது இன்னொன்று. மவுஸ் தன் இடத்தை ஒரு வினாடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது என்பது இது. சாதாரண மவுஸ் 125 முறை சொல்லும், அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை. 1000 என்றால் ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை. இது உண்மையான வித்தியாசம்தான். ஆனால் உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. அந்த 7 மில்லி செகண்ட் லாபம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் நீங்கள் சாதாரண ஆள் இல்லை.

கம்பெனிகளை மட்டும் குறை சொல்லலாமா?

இந்தியாவில் விற்கும் கேமிங் மவுஸ், கீபோர்டுகளில் பெரும்பாலானவை சீனாவில் செய்யப்பட்டவை. சில சமயம் ஒரே தொழிற்சாலையின் ஒரே அச்சில் வார்த்த மவுஸ் நாலு பெயர்களில் வரும். 'வெறும் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறான்' என்று நம் பையன்கள் கேலி செய்வார்கள். ஆம்பூர்க்காரனான எனக்கு இந்தக் கேலி பிடிப்பதில்லை. எங்கள் ஊர் ஷூக்களும் வெளிநாட்டுப் பெயர் ஒட்டித்தான் கப்பல் ஏறுகின்றன. அது வெறும் ஸ்டிக்கர் வேலை இல்லை. பெயர்க்காரர் சாம்பிள் தருகிறார். தோல் எத்தனை மில்லிமீட்டர் கனம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எழுதித் தருகிறார். அவருடைய ஆள் வந்து பெட்டியைத் திறந்து பார்க்கிறார். தையல் தப்பினால் திருப்பி அனுப்புகிறார். சித்தி ஒரு தையலைப் பிரித்து மறுபடி தைப்பது அந்த ஆளுக்குப் பயந்துதான்.

ஆகவே பெயர் ஒட்டும் கம்பெனியிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'நீயே செய்தாயா?' என்பதல்ல. 'என்ன போடச் சொன்னாய்? போட்டிருக்கிறானா என்று யார் பார்த்தது? கெட்டுப்போனால் யாரிடம் வருவது?' இந்த மூன்றும்தான்.

சென்னையில் 1997ல் தொடங்கிய ஜெப்ரானிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டாப் நாட்ச் இன்ஃபோட்ரானிக்ஸ் என்ற கம்பெனியின் பிராண்டாக வந்தது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களுக்கு முதலில் கேபினெட், ஸ்பீக்கர் வழியாகத்தான் அது பழக்கம். இன்று கேமிங் கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் என்று ஒரு வரிசையே விற்கிறது. கேமிங் என்றால் ஐயாயிரம், பத்தாயிரம் என்று பயந்துகொண்டிருந்த வீடுகளுக்கு அதை எட்டும் விலைக்குக் கொண்டு வந்த கம்பெனிகளில் அதுவும் ஒன்று. ஊர் ஊராக சர்வீஸ் சென்டர் வைத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. மூன்றாவது கேள்விக்கு அது பதில். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதிலைப் பெட்டியின் மேலேயே தாருங்கள் என்பது என் வேண்டுகோள். ஜெப்ரானிக்ஸுக்கு மட்டுமல்ல, இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும். ஸ்விட்ச் யார் செய்தது, சென்சார் மாடல் என்ன, ஒரே நேரத்தில் எத்தனை விசைகள் வேலை செய்யும், இத்தனையும் நாலு வரி. விலை, இறக்குமதியாளர் பெயர், எந்த நாட்டில் செய்தது என்பவற்றைச் சட்டப்படி அச்சிட்டுத்தானே ஆகிறார்கள்? பக்கத்தில் நாலு வரிக்கு இடம் இருக்கும். தமிழில் போட்டால் சித்தியும் படிப்பார்.

உண்மையான ஒரு குறை

பையனைப் பார்த்து, 'இது எதுவுமே வேண்டாம், பழைய கீபோர்டே போதும்' என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். அவன், "அண்ணா, ஓடிக்கிட்டே குதிச்சா சில சமயம் குதிக்க மாட்டேங்குது" என்றான். சரி, சோதித்துப் பார்ப்போம் என்று நோட்பேடைத் திறந்தோம். நீங்களும் செய்து பாருங்கள். இரண்டு பக்க ஷிப்ட் விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். பல வீட்டுக் கீபோர்டுகளில் சில எழுத்துகள் வரவே வராது. அவன் கீபோர்டில் எட்டு எழுத்துகள் வரவில்லை.

கீபோர்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. 104 விசைகளுக்கு 104 ஒயர் இழுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் பாய் பின்னுவதுபோல் குறுக்கிலும் நெடுக்கிலும் சில ஒயர்களை ஓடவிட்டு, அவை சந்திக்கும் இடங்களில் விசைகளை வைக்கிறார்கள். ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளைச் சேர்த்து அழுத்தினால், அழுத்தாத நாலாவது மூலையும் அழுத்தியதுபோல் தெரியும். தப்பான எழுத்து வந்துவிடக் கூடாது என்று கீபோர்டு மூன்றாவது விசையையே விட்டுவிடும். கடிதம் டைப் செய்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது. ஒரே நேரத்தில் முன்னே ஓடி, பக்கவாட்டில் திரும்பி, குதிப்பவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்தால் இந்தத் தொல்லை முழுதாகத் தீரும். மலிவான கேமிங் கீபோர்டுகளில் விளையாட்டுக்கு வேண்டிய விசைகள் மட்டும் மோதாதபடி ஒயர்களைப் பிரித்துவிடுவார்கள். 'ஆன்டி கோஸ்டிங் 19 கீஸ்', '25 கீஸ்' என்று பெட்டியில் இருப்பது இதைத்தான். இது உண்மையான சங்கதி. இதற்குக் காசு கொடுக்கலாம். பையன் சொன்னதும் உண்மை, நான் ஒத்துக்கொண்டேன்.

ஹெட்செட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. '7.1' என்று போட்டிருப்பவற்றில் பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்கள்தான். மீதியை சாஃப்ட்வேர் செய்கிறது. செல்போனோடு வாங்கிய இயர்போனிலேயே அவன் அதுவரை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தான்.

கடைசியில் நாற்காலி. 2001ல் கார் சீட் செய்ய ஆரம்பித்த டிஎக்ஸ்ரேசர் கம்பெனி 2006ல் கேமிங் நாற்காலி கொண்டு வந்ததாகத் தன் வரலாற்றைச் சொல்கிறது. இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த அமைப்பு ரேஸ் காரில் திருப்பத்தில் டிரைவர் சரியாமல் இருக்க வைத்தது. நம் வீட்டு மேஜை எந்தத் திருப்பத்திலும் திரும்பப் போவதில்லை. அது போகட்டும். மேலே போர்த்தியிருப்பது துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய ரெக்சின். வியர்வையும் ஈரக்காற்றும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு நாளடைவில் நைந்து உரியும். சென்னையில் என் அறையில் ஒன்று இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கினேன். மூன்றாவது கோடையில் எழுந்தால் சட்டை முதுகில் கருப்புச் செதில்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. வேலூர் வெயில் சென்னையை விடக் கொஞ்சம் தாராளமானது என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் வேலூரில் ஒரு கடைக்குப் போனோம். பையனே கேட்டான், "இதுல என்ன ஸ்விட்ச் சார்?" கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யாருக்கோ போன் போட்டார். "ப்ளூ கலர் எரியுமாம் தம்பி, ரெட்டும் எரியுமாம்" என்றார்! மூன்றாவது கடையில் ஒருவர் பெட்டியைப் பிரித்து, லேப்டாப்பில் செருகி, எங்களை நோட்பேடில் தட்டிப் பார்க்க விட்டார். அவரிடமே ஆன்டி கோஸ்டிங் உள்ள ஒரு மெம்பிரேன் கீபோர்டும், சென்சார் பெயர் அச்சிட்ட ஒரு மவுஸும் வாங்கினோம். இரண்டும் சேர்த்து 1,850 ரூபாய். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டோம். வாரண்டிக்கு அது வேண்டும்.

நாற்காலி வாங்கவில்லை. வீட்டில் இருந்த மர நாற்காலிக்குச் சித்தி ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார். மேலுறை எடை போட்டு வாங்கிய துண்டுத் தோல், நாலு நிறம். அடிப்பக்கத்தை எனக்குத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நாற்காலியில் கட்டினார்.